ஆறாவது போர்ஷன்

லைசென்ஸ் ஐந்துக்குத்தான் இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது ஆறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, உப்பளம் வட்டாரத்து ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஜன்னலே இல்லாத சர்வர் அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பொறுப்பாளன் தெய்வசிகாமணி அந்த எண்ணைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஆறு ஆறாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு எரிந்தது.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் தெரியாதவர்களுக்கு அவன் எப்போதும் ஒரே மாதிரிதான் விளக்குவான். ஒரு பெரிய வீட்டைக் கட்டி, குறுக்கே சுவர் எழுப்பி, போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுவதில்லையா, அதுதான் இது. இரும்பு அலமாரிக்குள் இருப்பது ஒரே மெஷின். அதற்குள் ஐந்து தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கம்ப்யூட்டர் தனிக் குடித்தனம் நடத்துகிறது; அடுத்த போர்ஷனில் ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. நோயாளிகள் பதிவுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று, வார்டில் படுத்திருப்பவர்கள் நர்ஸைக் கூப்பிட அழுத்தும் மணிக்கு ஒன்று. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கம்பெனியிடம் தனித்தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். நிர்வாகி அருளானந்தம் முதல் கூட்டுகிற ஆயம்மா வரை எல்லோரும் அவற்றைப் போர்ஷன் என்றே சொல்லப் பழகியிருந்தார்கள்.

ஆறாவதாக ஒன்று ஓட வழியே கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் ஐந்தாவது லைசென்ஸை வாங்கியபோது கம்பெனி மெஷினுக்குள் போட்ட புதுப் பூட்டு அப்படி. ஐந்துக்கு மேல் ஒன்றைக் கிளப்பப் போனால் லைசென்ஸ் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அதனால்தான் சிகாமணிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. பயம் அப்போது வரவில்லை. நாலு மணிக்குப் புரொபசர் வருகிறார், இந்த நேரம் பார்த்தா இது மக்கர் பண்ண வேண்டும் என்று பல்லைக் கடித்தான்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. ரூபி என்கிற நர்ஸுக்கு வேலை ஏற்கெனவே போயிருந்தது. நாளை போகவிருந்தது அவளுடைய நர்ஸ் பதிவு. அதுவும் போய்விட்டால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் ஊசி பிடிக்க முடியாது. அதற்கு முன்னால் வெளியாள் ஒருவர் சர்வரைப் பார்த்துச் சான்று தரட்டும் என்று விசாரணைக் குழு கேட்டிருந்தது. காலாப்பட்டு யூனிவர்சிட்டியிலிருந்து ஹரிகிருஷ்ணன் என்ற புரொபசர் அதற்காகத்தான் வருகிறார். அவர் பார்க்கும்போது எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் சிகாமணி பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

பட்டியலைத் திறந்தான். பதிவு, லேப், மருந்து, எக்ஸ்ரே, மணி. அதற்குக் கீழே ஆறாவது வரியில் இன்னொரு மணி.

அந்த இரண்டாவது மணியை அவனுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் தன் கையாலேயே அவன் அழித்த போர்ஷன் அது. வெறுமனே அணைத்து வைக்கவில்லை. அது இருந்த இடத்தையே மூன்று முறை துடைத்து, யார் தோண்டினாலும் ஒரு துணுக்குகூடக் கிடைக்காதபடி செய்திருந்தான்.

ஏன் அழித்தான் என்பதை மனதுக்குள் சொல்லிக்கொள்ளவும் அவனுக்கு நாக்கு கூசும். அப்போது ஆஸ்பத்திரியில் லைசென்ஸ் நாலுக்குத்தான். மணிப் போர்ஷன் லைசென்ஸ் இல்லாமலே ஓடியது. ஊரில் யார்தான் இப்படிச் செய்யவில்லை என்பது அருளானந்தத்தின் கட்சி. கம்பெனியிலிருந்து சரிபார்க்க ஆள் வந்தால் முன்னறையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அதற்குள் சிகாமணி மணிப் போர்ஷனை அணைத்துவிட்டு, மாடி வார்டுக்குப் போன் போட்டு, "அரை மணி நேரம் பெல் வேலை செய்யாது, ஒரு சுத்து சுத்தி வாங்க" என்று சொல்லிவிடுவான். வந்தவர்கள் நாலைப் பார்த்து நாலு என்று எழுதிக்கொண்டு போன பிறகு மறுபடி கிளப்பிவிடுவான். இரண்டு முறை இப்படி நடந்து ஒரு குறையும் வரவில்லை. மூன்றாவது முறை அவன் போன் போட்டபோது வார்டு லைன் பிஸியாக இருந்தது.

இன்னொரு தடவை போட்டிருக்கலாம். இருபத்தெட்டுப் படிதான், ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போடலாம் போடலாம் என்று நினைத்துக்கொண்டே, கம்பெனியிலிருந்து வந்தவர்களோடு பேச உட்கார்ந்துவிட்டான். அவர்களில் ஒருவர் கடலூர்க்காரர். பேசப் பேச இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் என்று தெரிந்தது. அந்த வாத்தியாருடைய நடையைக் கேலி செய்து சிரித்ததில் அரை மணி ஒரு மணியாகிவிட்டது. அந்த நேரமெல்லாம் மாடியில் ஏழாம் படுக்கையில், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்மணி தையல்நாயகி, குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், மூச்சு முட்டி மணியை அழுத்திக்கொண்டிருந்தாள். மருந்து வாங்கக் கீழே வந்த மருமகள் திரும்பிப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வார்டில் அந்த நேரம் ஒற்றை ஆளாக இருந்த ரூபி, பத்தொன்பதாம் படுக்கையில் திரைக்குப் பின்னால் இன்னொருத்திக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. விழுவதற்கு எதுவும் அடிக்கவில்லை.

"ஆயுசு முடிஞ்சிது, போயிட்டாங்க," என்றார் அருளானந்தம் அன்று சாயங்காலம். "அதுக்கு ஆஸ்பத்திரிய மூடணுமா? பெல்லு ஓடிச்சின்னு இருக்கணும் சிகா. அடிச்சிதுன்னும் இருக்கணும். மீதிய நான் பாத்துக்கிறேன்."

சிகாமணி அழித்தான். முந்தின நாள் எடுத்து வைத்த நகலிலிருந்து புது மணிப் போர்ஷன் ஒன்றை எழுப்பினான். அதன் பதிவேட்டில் தன் விரலாலேயே மூன்று வரி தட்டினான்: ஏழாம் படுக்கையிலிருந்து அழைப்பு, 3:22, 3:25, 3:31. இரண்டு போட்டால் குறைச்சலாகத் தெரியும், ஐந்து போட்டால் ஜோடித்த மாதிரி இருக்கும் என்று யோசித்து மூன்று போட்டான். மூன்று முறை மணி அடித்தும் போகாத நர்ஸ் என்று ஒரே வாரத்தில் ரூபியை வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து சிகாமணி மாடிக்குப் போவதில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கும்போது மோவாயை மட்டும் பார்த்துக்கொள்வான்.

இப்போது அழித்தது ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய நகல் தானாகக் கிளம்பிவிட்டது, வேறென்ன என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு அதை அணைத்தான். ஆறு ஐந்தாயிற்று. சிவப்புப் பொட்டு பச்சையானது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். ஏசியிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் சொட்டிய தண்ணீர், வெளியே கடைகளெல்லாம் சாத்திக் கிடந்த தெருவில் எங்கோ ஒரு ஆட்டோ திரும்பும் ஓசை, அலமாரிக்குள் விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வது அவன் காதுக்கு எட்டப் பத்து விநாடி ஆயிற்று. யாரோ மூச்சை உள்ளே இழுத்து, இழுத்து, வெளியே விடாமல் வைத்திருந்தது போல அது உயர்ந்துகொண்டே போய் நின்றது. திரையில் மறுபடி ஆறு.

மூன்று தடவை அணைத்தான். மூன்று தடவையும் திரும்பி வந்தது. நாலாவது முறை கையை எடுத்துக்கொண்டபோதுதான் அந்த வாசனை தெரிந்தது. சர்வர் அறைக்கென்று ஒரு வாசனை உண்டு, குளிரில் உறைந்த தூசியும் சூடான வயரும் கலந்தது. பதினோரு வருஷமாக அவனுக்குப் பழகியது. இது அதில்லை. ஸ்பிரிட். வியர்வையில் ஊறிய தலையணை உறை. நெற்றியில் குழைத்துப் பூசிய ஈர விபூதி. அலமாரியின் கம்பிக் கதவு வழியாக, விசிறிக் காற்றோடு, வெதுவெதுப்பாக அது அவன் முகத்தில் வந்து பட்டது.

செல்போன் அடித்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. ரூபி.

எடுக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தான். முழுதாக அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தான்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம தொந்தரவு பண்றேன்."

"சொல்லும்மா."

"கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். நாளைக்கி விசாரணல என்ன கேட்டாங்கன்னா என்ன சொல்றதுன்னு தெரியல. மூணு தடவ அடிச்சிதுன்னு பதிவுல இருக்குது. நான் அங்கதானணா இருந்தேன். ஒண்ணுகூடக் கேக்கல." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "காதுக்குப் போயி டெஸ்ட்டு எடுத்தேன். நல்லாத்தான் இருக்குதுன்றாங்க. அப்ப நின்னுகினே தூங்கிட்டேன் போலருக்கு. ரத்தம் ஏத்தும்போது தூங்கிட்டனா, எனக்கே தெரியல."

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"அந்தம்மா ஊட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்," என்றாள். "மருமவ வாசல்லியே நிக்க வெச்சிட்டாங்க. அது சரிதான. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதாணா. மெஷினு தப்பு பண்ணாதில்ல?"

ஒரே ஒரு வார்த்தை. அவளை இந்தக் குழியிலிருந்து தூக்கிவிட அது போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்ததையும், அங்கேயே நின்று, அவன் வேலையிழந்து தெருவில் நிற்பதையும், போலீஸ் ஜீப்பையும், அக்கம்பக்கத்தார் முகத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததையும் சிகாமணி அறிந்தான்.

"பண்ணாதும்மா," என்றான்.

"சரிணா," என்று வைத்துவிட்டாள்.

முகம் காது வரை எரிந்தது. அறையில் யாரும் இல்லை. இருந்தும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திருடிவிட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது அவன் தொடாமலே ஆறாவது போர்ஷனின் திரை தானாகத் திறந்திருந்தது. முழுக் கறுப்பு. மேலே மூலையில் ஒரே ஒரு வெள்ளை வரி.

3:11. படுக்கை 7. அழைப்பு.

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். அவன் கடிகாரத்திலும் மூன்று பதினொன்று.

அடுத்த வரி வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்கடுத்தது இன்னும் இரண்டு நிமிஷம் கழித்து. ஒரு முறை அழுத்திவிட்டு, பாவம் அந்தப் பொண்ணு வேலையாக இருக்கும், வரட்டும் என்று பொறுத்திருக்கிற மனுஷியின் இடைவெளி அது. யாரையும் தொந்தரவு செய்து பழக்கமில்லாதவள். பிறகு இடைவெளி ஒரு நிமிஷமாயிற்று. பிறகு அரை நிமிஷம். 3:22க்கு ஒரு வரி வந்தது. அவன் ஜோடித்த மூன்றில் முதலாவது நேரம். அதற்குள் நிஜத்தில் அவள் ஒன்பது முறை அழுத்தி முடித்திருந்தாள்.

இது எங்கும் பதிவாகியிருக்க முடியாது. மணியைக் கேட்க வேண்டிய போர்ஷன் அப்போது அணைந்து கிடந்தது. அணைந்து கிடந்த ஒன்று எதைக் கேட்டிருக்கும், எதை எழுதி வைத்திருக்கும்? அவனுடைய தொழிலறிவு அந்த இடத்தில் நொண்டியடித்து நின்றுவிட்டது. வரிகள் நிற்கவில்லை. திரை நிறைந்து, மேலே நகர்ந்து, மறுபடி நிறைந்தது. ஐம்பது. எழுபது. 3:31க்குப் பிறகு அவை வரி வரியாக வரவில்லை, கொட்டின. பிறகு தயங்கின. அவள் விரலில் பலம் போனது தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் விசிறி ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம். இழுத்து. விட்டு. இழுத்து.

அவன் அழுதுகொண்டிருந்தான். அது பயத்தால் வந்த அழுகை இல்லை. மூன்று என்று போட்டேனே, மூன்று போதும் என்று போட்டேனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

3:38க்குப் புரொபசரே போன் செய்தார். "முத்தியால்பேட்டை தாண்டிட்டேன் சார். ட்ராஃபிக்கே இல்ல. பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்."

இப்படியே விட்டுவிடலாம். அவர் வந்து இந்தத் திரையைப் பார்க்கட்டும். இது என்ன என்று கேட்டால் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நாளைக் காலை பத்து மணிக்கு ரூபி தலை நிமிர்ந்து உட்காருவாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது என்று அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்துகொண்டே அவன் கை மௌஸைப் பிடித்தது. அந்தக் கையைப் பிற்பாடு எத்தனை வெறுத்தாலும் அப்போது அது அவன் சொன்னதைத்தான் செய்தது.

ஆறாவது அணையாது. ஆனால் எண் ஐந்தாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் உண்டு. ஐந்தாவது வரியில் இருந்த மணி, நிஜ மணி, இந்த நிமிஷம் மாடியில் இருபத்திரண்டு படுக்கைக்கும் காது கொடுத்துக்கொண்டிருக்கும் மணி. அதை அணைத்தால் ஐந்து. அணைத்துவிட்டு இந்தக் கறுப்புத் திரையை மூடிவிட்டால் அவர் பட்டியலை மட்டும் பார்ப்பார். பத்து நிமிஷம்தான். அவர் போனதும் கிளப்பிவிடலாம்.

வார்டுக்குப் போன் போட இந்த முறை அவன் ரிசீவரைத் தொடக்கூட இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

அணைத்தான்.

ஐந்துக்கு ஐந்து. பச்சைப் பொட்டு. விசிறிகள் அடங்கின. வாசனைகூடப் போய்விட்டது. அறை அத்தனை நிசப்தமாக இருந்ததில் வாளியில் விழும் சொட்டு மட்டும் கேட்டது. கறுப்புத் திரையை மூடப் போனான்.

3:43. படுக்கை 2. அழைப்பு.

3:43. படுக்கை 11. அழைப்பு.

படுக்கை 16. படுக்கை 4. படுக்கை 20.

இவை அன்றைக்கு உள்ளவை இல்லை. இவை இன்றைக்கு. இப்போது. மேலே.

ஐந்தாவது வரிக்குப் பாய்ந்து மணியைக் கிளப்பினான். லைசென்ஸ் இல்லை என்றது. மறுபடி. லைசென்ஸ் இல்லை. ஐந்துக்கு ஐந்து ஓடுகிறதே. அழிக்கப்பட்டது ஒழுங்கான குடித்தனக்காரியாக அந்த ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது, சட்டப்படி, பச்சைப் பொட்டோடு. உயிரோடிருக்கும் மணிக்குத்தான் உள்ளே இடமில்லை. மாடியின் மணிகளெல்லாம் இப்போது அந்தச் செத்த போர்ஷனிடம் போய்க்கொண்டிருந்தன. யாரும் கேட்காத அந்த இடத்துக்கு.

படுக்கை 9. படுக்கை 9. படுக்கை 9.

கதவை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். இருபத்தெட்டுப் படி. மூன்று மாதமாக ஏறாத படி.

வார்டு வாசலில் நர்ஸ் மாலா சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வந்த கார்குழலி என்ற பெண் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் தலைக்கு மேலே இருபத்திரண்டு சின்ன விளக்குகள் உள்ள பேனல். ஒன்றுகூட எரியவில்லை.

"பெல்லு நின்னுபோச்சி. உள்ள போயிப் பாருங்க, எல்லாரும் கூப்புட்றாங்க."

மாலா பேனாவை உதறிவிட்டு மேற்கொண்டு எழுதினாள்.

"மாலா. நான்தான் நிறுத்தினேன். அன்னிக்கும் நான்தான் நிறுத்தினேன். ரூபி தூங்கல."

சொல்லிவிட்டான். மூன்று மாதமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. கார்குழலி கத்தரியை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். "இன்னிக்கி ஒருத்தர்கூடக் கூப்புடலக்கா," என்றாள், மாலாவைப் பார்த்து.

அவன் மேஜையில் ஓங்கி அடித்தான். சத்தம் வரவில்லை.

உள்ளே ஓடினான். பெண்கள் வார்டு. இரண்டு வரிசை. சாயங்கால வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக விழுந்திருந்தது. எல்லோரும் விழித்திருந்தார்கள். எல்லோரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வயரோடு மணி சுவிட்ச். கட்டைவிரல்கள் அழுத்தின. எடுத்தன. அழுத்தின. ஒரே நேரத்தில். ஒரு சின்ன க்ளிக் சத்தம்கூட இல்லை. வாய்கள் திறந்து காற்றுக்குத் தவித்தன. கண்கள் மட்டும் அவன் நடக்க நடக்க அவனோடு திரும்பின. அவனைப் பார்த்தது அவர்கள் மட்டும்தான்.

இரண்டாம் படுக்கைக்காரியின் கையைப் பிடித்தான். பிடியில் எதுவும் சிக்கவில்லை. ஒன்பதாம் படுக்கைக்கு ஓடினான். பதினாறுக்கு. மறுபடி வாசலுக்கு. யாரையும் அவனால் தூக்க முடியவில்லை, யாரையும் கூப்பிட முடியவில்லை. எத்தனை நேரம் இப்படி ஓடினான் என்று தெரியாது. கடைசியில், காலியாகக் கிடந்த ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். தலைமாட்டுத் தகட்டில் ஏழு என்று இருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அருளானந்தம்.

"எங்கய்யா போயிட்ட, கதவெல்லாம் தொறந்து போட்டுட்டு? சாரு வந்து பாத்துட்டாரு. அஞ்சுக்கு அஞ்சு. பதிவுல ஏழாம் படுக்கைக்கு அந்த மூணு அழைப்பு மட்டுந்தான், அதையும் பாத்துட்டாரு. எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. நாளைக்கி அந்தப் பொண்ணு கதைய முடிச்சிடலாம்."

"பொய்," என்று கத்தினான் சிகாமணி. "பொய்யிங்க. நான்தான் அணைச்சேன். அவ மேல தப்பில்ல. அத நான்தான் எழுதினேன்."

"ஹலோ? சிகா? ஒண்ணும் கேக்கலப்பா. சரி, அப்புறமாப் பேசு."

போனை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. வலது கையில் இப்போது மணி சுவிட்ச் இருந்தது. அவன் எடுக்கவில்லை. உதறினான். கை விரியவில்லை. அவனுடைய கட்டைவிரலின் மேல் இன்னொரு கட்டைவிரல் வந்து படிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் படிந்தது. சில்லென்று. சொரசொரவென்று. ஆயுள் முழுக்க நாற்றுப் பிடுங்கி நட்ட விரல். அது அவன் விரலைப் பொத்தானோடு சேர்த்து அழுத்தியது. காதருகே மூச்சு. இழுத்து. இழுத்து.

கார்குழலி படுக்கைப் பட்டியலோடு வரிசையில் வந்தாள். ஐந்தாம் படுக்கை, ஆறாம் படுக்கை. ஏழாம் படுக்கையருகே நின்றாள். அவன் முகத்துக்கு நேராகவே பார்த்தாள். அவன் வாய் திறந்து அவள் பெயரைச் சொன்னான். ரூபியின் பெயரைச் சொன்னான். காலி என்று எழுதிவிட்டு எட்டாம் படுக்கைக்கு நகர்ந்தாள். அவன் விரலை அழுத்திக்கொண்டிருந்த விரல் விலகவே இல்லை.